செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்

என் தங்கையின் பேத்தி போன வாரம் வீட்டுக்கு வந்தாள். தாய்லாந்தில் சியாங்மாய் ஊரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் மழலையர் வகுப்புக்கு வேலை கிடைத்திருக்கிறது, மே மாதம் போகிறேன் ஆச்சி, என்றாள். நான் அதே ஊரில் 14 வருடம் அதே வேலை பார்த்தவள். என்னென்ன எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கேட்டாள். அந்த நேரத்தில் தோன்றியதைச் சொல்லி அனுப்பினேன். ராத்திரி படுத்த பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவளுக்கும், அவளைப் போலப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

2003 மே மாதம் நான் அங்கே போனபோது எனக்கு 46 வயது. நம் ஊர் நாசரேத்தில் 20 வருடம் எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளோடு கிடந்தவள். சின்னப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அந்த நினைப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

மூன்று வயதில் சேர்கிற வகுப்புக்கு அங்கே ‘அனுபான்’ என்று பெயர். நம்முடைய ‘அனுபாலனம்’ என்ற சொல்லின் ‘அனுபால்’தான் அது. கடைசியில் வருகிற ‘ல்’ அவர்கள் வாயில் ‘ன்’ ஆகிவிடும். ஆசிரியருக்கு ‘க்ரூ’ என்று பெயர். அது நம் ‘குரு’. ஆசிரியர்களுக்கு உரிமம் தருகிற அரசு அமைப்பின் பெயர் ‘குருசபா’. பெயரெல்லாம் பக்கத்து வீட்டுப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று முதலில் தைரியம் வரும். வகுப்புக்குள் போனால் ஒரு சொல்கூடப் புரியாது.

முதல் நாள் வாசலில் ஒரே அழுகை. அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். உள்ளே போகுமுன் எல்லாரும் காலணியைக் கழற்றி ஒரு மர அலமாரியில் வைக்க வேண்டும். ஒரு பையன் மட்டும் அழவில்லை. ஒரு ஷூவைக் கழற்றினான். மற்றதைக் கழற்றாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு, அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் பாட்டுப் பாடினேன். பொம்மையைக் காட்டினேன். கையைப் பிடித்தேன், உருவிக்கொண்டான். மறுநாளும் அதே இடம், அதே ஒற்றை ஷூ.

வகுப்பில் எனக்குத் துணையாக ஓர் அம்மா இருந்தார். ‘பீ லியங்’ என்பார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆங்கிலம் தெரியாது. மூன்றாம் நாள் அவர் என் முழங்கையைத் தொட்டுத் தரையைக் காட்டினார். உட்காரச் சொல்கிறார் என்று புரிந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச வாயெடுத்தேன், உதட்டில் விரலை வைத்தார். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் அப்படி உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்க மாட்டான், நானும் அவனைப் பார்க்க மாட்டேன். பன்னிரண்டாம் நாள் அவன் தானாகவே இரண்டு ஷூவையும் கழற்றி, என் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு உன் படிப்பும் தெரியாது, உன் பாஷையும் புரியாது, உன் ஆண்டவரையும் தெரியாது. நேற்று இருந்த ஆள் இன்றைக்கும் இருக்கிறாளா என்று மட்டும்தான் அது பார்க்கும். இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். அந்த வருடமே அதற்கு நேர்மாறான காரியத்தையும் செய்தேன்.

அந்தப் பள்ளியின் பெயர் வேண்டாம். சேர்ந்து ஐந்தாறு மாதம் கழித்து, பக்கத்து வகுப்பில் இருந்த ஓர் இளைஞனுக்கு என்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளம் என்று தெரிந்தது. பயிற்சி கிடையாது, பிள்ளைகளோடு இருந்து பழக்கமும் கிடையாது. வெள்ளைக்காரர், பெற்றோருக்குப் பிடிக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மனது விட்டுப்போயிற்று. அதே ஊரில் வேறொரு பள்ளியில் கேட்டுப் பார்த்தேன், கிடைத்தது. நவம்பரில் ராஜினாமா கொடுத்தேன். பிள்ளைகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அழுவார்கள், வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளுங்கள் என்றார்கள். எனக்கும் அது சுலபமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் செருப்பை அலமாரியிலிருந்து எடுத்தபோது அந்தப் பையனின் ஷூ பக்கத்தில் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் வந்தேன்.

அடுத்த வருடம் வரோரோட் சந்தையில் அவனுடைய பாட்டி எதிரே வந்தார். சிரித்த முகத்தோடு கைகூப்பினார். நான் போன பிறகு அவன் ரொம்ப நாள் மறுபடியும் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அந்த ஊர்க்காரர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். அவன் பாட்டியின் பின்னால் நின்றிருந்தான். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பளத்துக்காக நான் பள்ளி மாறியதைத் தவறு என்று சொல்லவில்லை. நீயும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. வேலைக்கான விசாவும் அனுமதியும் யார் செலவில், எப்போது கிடைக்கும் என்று கேள். அனுமதி கைக்கு வராமல் வகுப்பில் நிற்காதே, பிடிபட்டால் கஷ்டம் உனக்குத்தான். 90 நாளுக்கு ஒரு முறை இருக்கிற முகவரியைக் குடிநுழைவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடாதே. கூலி குறைவென்றால் முன்னாலேயே பேசு. கிறிஸ்தவப் பள்ளியாயிற்றே, ஊழியமாயிற்றே, பணத்தைப் பற்றிப் பேசலாமா என்று வாயை மூடிக்கொள்ளாதே. ஆனால் வகுப்பை எடுத்துக்கொண்டுவிட்டால் மார்ச் மாதம் பள்ளி ஆண்டு முடிகிற வரைக்கும் இரு. வெளிநாட்டு ஆசிரியர்கள் அந்த ஊருக்கு வருவதும் போவதுமாக இருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைகள் புதிதாக ஒரு முகத்தைப் பழக வேண்டியிருக்கிறது. நம்முடைய அனுபவச் சான்றிதழுக்காக அந்தச் சின்ன மனதுகள் ஏன் பாடுபட வேண்டும்?

இரண்டாவது பள்ளியில் 2017 வரைக்கும் இருந்தேன்.

‘கிறிஸ்தவப் பள்ளி’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாசரேத் மாதிரி நினைத்துக்கொள்ளாதே. தாய்லாந்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். உன் வகுப்பில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் புத்த சமயக் குடும்பத்துப் பிள்ளைகள். மிஷனரிகளான டேனியல் மெக்கில்வரியும் அவர் மனைவி சோஃபியாவும் 1867-இல் பாங்காக்கிலிருந்து ஆற்றுவழியே மூன்று மாதம் படகில் வந்து சியாங்மாயில் இறங்கினார்கள். இரண்டு வருடத்தில், அவர்கள் போதனையை ஏற்ற இருவரை அந்த ஊர் மன்னன் கொல்லச் சொன்னான். அப்புறமும் அவர்கள் போகவில்லை. சோஃபியா தம் வீட்டிலேயே பெண் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தாரா அகாடமி என்ற பள்ளிக்கு வித்து அதுதான். மெக்கில்வரி 1911-இல் அந்த ஊரிலேயே இறந்தார். இதைப் படித்தபோது எனக்கு நம் மர்காஷிஸ் ஐயர்தான் ஞாபகத்துக்கு வந்தார். 1876-இல் நாசரேத்துக்கு வந்த இங்கிலாந்துக்காரர், 1908-இல் கண்ணை மூடுகிற வரைக்கும் நம்மோடு இருந்தார். அவர்கள் செய்த பிரசங்கம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. இருந்த வருடக் கணக்கு ஞாபகம் இருக்கிறது.

அங்கே போய்ப் பிள்ளைகளை மாற்றப் போகிறாயா என்று ஊரில் சிலர் கேட்பார்கள். ஏன் மாற்றவில்லை என்று நம் சபையில் சிலர் கேட்பார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு, நோவாவின் பேழைக் கதை உண்டு, கிறிஸ்துமஸ் நாடகம் உண்டு. பள்ளி வைத்திருப்பதை நீ மனதாரச் செய். அதற்கு மேல் மூன்று வயதுப் பிள்ளை உன் மேல் வைத்த பிரியத்தை நீ எதற்கும் பயன்படுத்தாதே. அந்தத் தாய் தகப்பன் உன்னை நம்பிப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். மூக்கைத் துடைக்கிறபோதும், கால்சட்டையை நனைத்துவிட்ட பிள்ளையை மற்றவர்களுக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போய்க் கழுவிவிடுகிறபோதும் நீ எப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிடும். உன் ஆண்டவர் எப்படிப்பட்டவர் என்பதையும் அதில்தான் பார்ப்பார்கள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை ‘வாய் க்ரூ’ வரும், ஆசிரியரை வணங்குகிற நாள். அவர்கள் வியாழனுக்கு வைத்திருக்கிற பெயரும் பிருகஸ்பதியின் பெயர்தான். பிள்ளைகள் முழங்காலில் வந்து உன் முன்னால் தலை தாழ்த்திப் பூ கொடுப்பார்கள். முதல் தடவை நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். மனுஷியாகிய என்னை வணங்கலாமா என்று உடம்பெல்லாம் கூசியது. பிறகுதான் தட்டில் இருந்ததைப் பார்த்தேன்: இட்லிப்பூ, கத்தரிப்பூ, அருகம்புல். இட்லிப்பூ மொட்டின் கூர்மை புத்திக்கு. தலை கவிழ்ந்து பூக்கிற கத்தரிப்பூ பணிவுக்கு. மிதித்தாலும் படர்கிற அருகம்புல் விடாமுயற்சிக்கு. நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கிற மூன்றும், கடல் தாண்டி, ஒரு பிள்ளையின் கையில். அவர்கள் வணங்கியது என்னை மட்டும் இல்லை என்று புரிந்தது. அதற்கப்புறம் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன்.

ஆகஸ்ட் 12 அன்னையர் தினம். சிரிகிட் அரசியின் பிறந்தநாளை 1976-இலிருந்து அப்படிக் கொண்டாடுகிறார்கள். தாய்மார் வந்து நாற்காலியில் உட்காருவார்கள். பிள்ளை மண்டியிட்டு, காலில் விழுந்து, மல்லிகை மாலை கொடுக்கும். முதல் வாரமே பீ லியங்கிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டுக்கொள்: எந்தப் பிள்ளையின் அம்மா பாங்காக்கில் வேலை பார்க்கிறாள், யாருக்கு அம்மா இல்லை, பாட்டி வருவாரா, அத்தை வருவாரா என்று. எந்த நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. ஆள் வராவிட்டால் நீ உட்காராதே, பீ லியங்கை உட்காரச் சொல். அவர்தான் அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர். அதற்கு முந்தின நாள் மாலை கட்டுகிற வேலை. அவர் ஊசியில் மொட்டைக் கோத்துக் கோத்து மாலையாக்குவார். நான் நம்மூர் வழக்கப்படி நூலை விரலில் சுற்றி முடிச்சுப் போட்டுச் சரமாகத் தொடுத்துக் காட்டினேன். அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கற்றுக்கொடு என்று கையை நீட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக அதிகம் போனால் ஐம்பது சொல் இருக்கும் அப்போது.

பீ லியங் அம்மாக்களை மதித்து நட. நீ பட்டம் வாங்கியவள், அவர் ஆயா வேலை பார்க்கிறவர் என்கிற எண்ணம் உள்ளே இருந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொன்று. நீ தப்புச் செய்தால் அங்கே யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ‘கிரெங் ஜாய்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மற்றவர் மனம் சங்கடப்படக் கூடாதே என்கிற தயக்கம். நான் இரண்டு கையிலும் சாமான் இருந்தால் பிள்ளைகளின் பாயைக் காலால் நகர்த்துவேன். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில் பிறந்தவள்தான் நான், பாயைப் பற்றி யோசிக்கவில்லை. நான் நகர்த்திய பாயையெல்லாம் அவர் சத்தமில்லாமல் கையால் எடுத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார் என்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். ஆகவே அவர்கள் சொல்வதைவிட, உனக்குப் பின்னால் எதைத் திருத்தி வைக்கிறார்கள் என்று பார்.

பிள்ளைகள் பேசவில்லையே என்று பதறாதே. புது பாஷை காதில் விழுகிற பிள்ளை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதிகாரிகள் கேட்பார்கள், பெற்றோர் கேட்பார்கள். நீ தினமும் ஒரே வார்த்தையில் வரவேற்று, ஒரே பாட்டில் கை கழுவக் கூட்டிப் போ. ஜனவரியில் ஒரு நாள் குழாயடியில் அந்தப் பாட்டு உனக்கு முன்னால் அவர்கள் வாயிலிருந்து வரும்.

கிளம்புகிற காலம் வந்தால் பிள்ளைகளிடம் சொல். நான் சந்தையில் அந்தப் பையனைப் பார்த்த பிறகு வைத்துக்கொண்ட வழக்கம் இது. ஒவ்வொரு மார்ச்சிலும், ஆண்டு முடிய 15 பள்ளி நாள் இருக்கும்போது, வண்ணக் காகிதத்தில் 15 வளையம் செய்து சங்கிலியாகத் தொங்கவிடுவோம். தினமும் ஒரு பிள்ளை ஒன்றை வெட்டும். கடைசி வாரம் அடுத்த வகுப்பு ஆசிரியை வந்து என்னோடு வாசலில் நிற்பார். அழுவார்கள், அழட்டும். அழுகிற பிள்ளையை நீ இருந்து தேற்றலாம். நீ போன பிறகு அலமாரிக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்கிற பிள்ளைக்கு நீ எதுவும் செய்ய முடியாது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். புடவை இரண்டு போதும், அங்கே பாவாடை, சட்டைதான் வசதி. புளி கொண்டு போக வேண்டாம், நல்ல புளி கிடைக்கும். காலில் மாட்டவும் கழற்றவும் லேசான செருப்பாக எடுத்துக்கொள். ஒரு நாளில் முப்பது தடவை கழற்ற வேண்டியிருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் சுற்று வட்டாரத்துக் காடும் வயலும் எரிகிற புகை ஊரை மூடிவிடும், அதற்கு முகக்கவசம். டிசம்பர் காலையில் நமக்கு அது பெரிய குளிர், ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். பாக்கெட் வைத்த ஸ்வெட்டராகப் பார்த்து வாங்கு. வாசலில் நிற்கும்போது கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக வைத்துக்கொள்ளலாம். வந்து இறங்குகிற பிள்ளை பேசாமல் உன் கைக்குள் கையை வைக்கும். அப்போது உன் கை சில்லென்று இருக்கக் கூடாது.