உறை இறக்கும் பெண்கள்

அச்சுக்கு எண்ணெய் பூசுவதில்தான் வேலை ஆரம்பிக்கிறது. டிராக்டரிலிருந்து மாற்றியெடுத்த பழைய ஆயிலைத் துணியில் நனைத்து, இரும்புத் தகட்டு அச்சுகளின் மேல் தேய்க்கிறார் ஓர் அம்மா. ஒன்று பெரிய வட்டம், ஒன்று சின்ன வட்டம். பெரியதற்குள் சின்னதை வைத்தால் நடுவில் மூன்று விரல்கடை இடைவெளி விழும். கிணற்று உறையின் கனம் அதுதான். எண்ணெய் குறைந்தால் மறுநாள் அச்சைக் கழற்றும்போது சிமென்ட் பெயர்ந்து கூடவே வரும். கூடினால் உறையின் மேல்பரப்பு பொரிந்துபோகும். "தலைக்கு வெக்கிற மாரி வெச்சா போதும்டி" என்று பக்கத்திலிருந்த இளையவளுக்குச் சொல்லிக்கொண்டே பூசி முடித்தார்.

அடுத்து வளைத்த கம்பி உள்ளே இறங்குகிறது. கம்பிகளுக்கு நடுவே பிவிசி குழாய்த் துண்டுகளைச் செருகுகிறார்கள். கான்கிரீட் இறுகியதும் அவற்றை உருவிவிட்டால் அங்கங்கே ஓட்டை விழும். தண்ணீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் போக அதுதான் வழி. சிமென்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு. பாண்டில் வரும் கலவையைக் கொட்டக் கொட்ட ஒருத்தி நீளக் கம்பியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். குத்துகிற கை சோம்பினால் உறைக்குள் பொந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கிணற்றுக்குள் இறக்கி, மேலே இன்னும் நாலு உறை உட்கார்ந்த பிறகு விரிசல் விடும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இது வேலூர் மாவட்டம், கணியம்பாடி ஒன்றியம். ஜவ்வாது மலையில் பிறந்து அமிர்திப் பக்கம் இறங்கி, கண்ணமங்கலம் வழியாகப் போகிற நாகநதியின் படுகை. ஆறு என்று சொன்னாலும் ஆண்டில் பாதி நாள் மணல்தான். அதுவும் பாதி இடங்களில் அள்ளியது போக மிச்சம். பதினைந்து ஆண்டுகளாகத் தண்ணீரே பார்க்காமல் கிடந்த ஆறு என்பார்கள். வாழும் கலை அமைப்பு 2014 வாக்கில் இங்கே மீட்பு வேலையைத் தொடங்கியது. திட்ட இயக்குநர் சந்திரசேகரன் குப்பன். கூலிக்கு நூறு நாள் வேலைத் திட்டம், ஆளுக்கு ஊர்ப் பெண்கள். இருபதாயிரம் பெண்கள் உழைத்தார்கள், மூவாயிரத்துக்கு மேல் உறைகிணறுகள் இறங்கின என்பது அமைப்பு சொல்லும் கணக்கு. 2021 செப்டம்பரில் பிரதமர் தன் வானொலி உரையில் நாகநதியைக் குறிப்பிட்ட பிறகு வெளியூர்க்காரர்களும் வந்து பார்க்கத் தொடங்கினார்கள். நானும் அப்படி வந்தவன்தான்; ஆனால் எனக்கு ஆற்றைவிட அந்த உறைகள்மேல்தான் கண் போனது.

மழை பெய்தால் ஆறு ஓடும் என்பது பாதி உண்மை. மழை நின்று இரண்டு மூன்று மாதம் கழித்தும் ஓடினால்தான் அது ஆறு. அந்த ஓட்டம் மேலிருந்து வருவதில்லை, பக்கவாட்டிலிருந்து வருகிறது. இரு கரை நிலத்தடியிலும் நீர்மட்டம் படுகையைவிட உயரத்தில் இருக்கும்வரை நிலம் ஆற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். போர்வெல் போட்டுப் போட்டு அந்த மட்டத்தைப் படுகைக்குக் கீழே தள்ளிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. ஆறு நிலத்துக்குத் தண்ணீர் விட ஆரம்பிக்கிறது. வருகிற வெள்ளமும் மணலுக்குள் மறைந்துபோகும். மணல் இல்லாத இடத்தில் வண்டல் இறுகி, உள்ளே இறங்காமல் மேலாக வழிந்தோடிவிடும். வேலூர்ப் பக்கம் அடியில் கருங்கல் பூமி வேறு. நீர் நிற்பது மேலே இருக்கும் உதிர்பாறை அடுக்கிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும்தான். கண்ட இடத்தில் குழி வெட்டினால் தொட்டியாகத்தான் இருக்கும், கிணறாகாது. வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று செயற்கைக்கோள் படத்தையும் நிலவியல் வரைபடத்தையும் வைத்து இடம் குறிக்கிறார்கள். குறித்த இடத்தில் இறுகிய அடுக்கைத் துளைத்துக்கொண்டு, கீழே நீர் பிடிக்கும் அடுக்குக்கு ஒரு வாசல் வைக்கிறார்கள். உறைகிணற்றின் வேலை அவ்வளவுதான். அதிலிருந்து யாரும் தண்ணீர் இறைப்பதில்லை.

உறைகிணறு நமக்குப் புதிதல்ல. கீழடியில் சுடுமண் உறைகளை அடுக்கிய கிணறுகள் கிடைத்திருக்கின்றன. அது எடுக்கிற கிணறு, இது கொடுக்கிற கிணறு.

நான் போன அன்று குழி வெட்டி முடிந்திருந்தது. பதினைந்து அடிக்கு மேல் ஆழம். மணற்பாங்கான இடத்தில் செங்குத்தாக வெட்டினால் சரிந்துவிடும் என்று மேல்வாயை அகலமாக வெட்டி, உள்ளே இறங்கப் படி விட்டிருந்தார்கள். குழிக்கு மேலே மூன்று சவுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய முக்காலி, அதில் ஒரு கப்பி, கப்பியில் வடம். உறையின் எடை நூறு கிலோவுக்கு மேல். உருட்டிக்கொண்டு வருவதே பெரிய வேலை. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, ஒருத்தி முன்னால் நடந்து கடப்பாரையை முட்டுக்கொடுத்துத் திருப்புகிறாள். ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரத்துக்கு மேல் நனைத்த உறை; விளிம்பு உடைந்தால் அத்தனையும் வீண்.

வடத்தைப் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர். குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர்தான் குரல் கொடுத்தார். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு.

"வுடு... வுடு... மெதுவா வுடுமே... புடி!"

உறை அந்தரத்தில் நின்று லேசாகச் சுற்றியது. சுற்றுவது நிற்கும்வரை யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சாண், இன்னொரு சாண். கீழே இருக்கும் உறையின் மேல் வந்து உட்காரும்போது கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை வைத்தே அவர் தலையாட்டினார். "மேக்கால தூக்கிக்கினு கீது" என்றார். படி வழியாக இளையவள் ஒருத்தி இறங்கி, ரசமட்டத்தை விளிம்பில் வைத்துப் பார்த்தாள். குமிழி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. கடப்பாரையால் நெம்பி, அடியில் ஒரு சில்லுக்கல் செருகி, மறுபடி பார்த்து, "ஆச்சு யக்கா" என்றாள். உறைக்கும் குழிச்சுவருக்கும் நடுவே விட்ட இடத்தில் கூழாங்கல்லைக் கொட்டி இறுக்கினார்கள். அதற்கு மேலே அடுத்த உறை.

எனக்கு அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. "சரியா குந்திச்சுன்னா சத்தம் கம்மியா வரும் சார். ஒரு பக்கம் தூக்கிக்கினு இருந்தா அரைக்கும்" என்றார். எத்தனை கிணறு இறக்கியிருப்பீர்கள் என்றதற்குச் சிரித்தார். "அத்த யாரு எண்ணுனா? ரிஜிஸ்டர்ல பாருங்க."

பார்த்தேன். ரிஜிஸ்டரில் இருப்பது அட்டை எண், பெயர், நாள். சத்தத்தைக் கேட்டு மட்டம் சொல்கிறவரும், அன்றுதான் புதிதாக வந்து பாண்டு தூக்கியவரும் அதில் ஒரே வரிசை, ஒரே கூலி. அந்த 2024–25 நிதியாண்டில் தமிழகத்துக்கு அறிவித்திருந்த நாள்கூலி 319 ரூபாய். வேலையை அளந்து தருவதால் கைக்கு வருவது பல நேரம் அதற்கும் கீழே. அதுவும் வங்கிக் கணக்கில் ஏற வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதை உடலுழைப்பு வேலை என்றே வைத்திருந்தது. தனித்திறன் வேண்டாத வேலை. செலவில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இந்தக் கூலிக்குப் போக வேண்டும், பொருள் செலவு 40ஐத் தாண்டக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் விதி. சிமென்டும் கம்பியும் அந்த 40க்குள். கொத்தனார், கம்பி கட்டுகிறவர் போன்ற திறன் உள்ளவர்களின் கூலியும் அதே 40க்குள்தான். ஆக, குழியோரம் உட்கார்ந்து குரல் கொடுக்கும் இந்த அம்மாவைக் கொத்தனார் என்று எழுதிவிட்டால் அவர் கூலி சிமென்ட் பையோடு போட்டியிட வேண்டும். எழுதாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் வசதி. கட்டட வேலையிலும் இதே கதைதானே. சித்தாளாக வருகிற பையன் ஐந்தாறு வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். சித்தாளாக வருகிற பெண் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் சித்தாள்தான். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஊர்ப்பக்கம் இதற்கு 'ஏரி வேலை' என்று பெயர். மண்ணை வெட்டி மண்ணைக் கொட்டும் வேலை என்கிற இளக்காரமும் அதில் சேர்ந்தே ஒலிக்கும். இங்கே அதே அட்டையை வைத்துக்கொண்டு இவர்கள் கான்கிரீட் வார்க்கிறார்கள், மட்டம் பார்க்கிறார்கள், நூறு கிலோ உறையை நூல் பிசகாமல் இறக்குகிறார்கள்.

இளவட்டங்கள் அதிகம் இல்லை. விடிகாலையில் ஷூ கம்பெனி வேன் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் நாற்பதைத் தாண்டியவர்கள், பிள்ளை பிறந்து நின்றுவிட்டவர்கள். ரசமட்டம் பார்த்த பெண் அப்படித்தான்: கைக்குழந்தை மாமியார் மடியில் புங்கமரத்தடியில் இருந்தது.

வருகைப் பதிவுக்கு ஒரு நாளில் இரண்டு முறை கைப்பேசியில் படம் ஏற்ற வேண்டியிருந்தது. படுகைக்குள் சிக்னல் கிடையாது. பணித்தளப் பொறுப்பாளரான பெண் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி கரைமேடு முழுக்க நடந்தார். உறையைப் பாதியில் தொங்கவிட்டு யாரும் படத்துக்கு வர முடியாது என்று குழியோரத்து அம்மா சத்தம் போட, பொறுப்பாளர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலையடிவாரத்தில் வேலை வேறு. அங்கே ஓடைகளின் குறுக்கே கல் தடுப்பு. சாந்து கிடையாது. பெரிய கல்லை அகலமான முகம் கீழே வருகிற மாதிரி வைத்து, இடுக்கில் சில்லு அடித்து இறுக்குகிறார்கள். நீரை முழுசாக நிறுத்துவது நோக்கமில்லை. இறங்கி வருகிற வேகத்தை முறித்தால் மண் அங்கேயே படியும், கீழே வருகிற நீர் தெளியும், உறைகிணற்றின் வாயும் அடைபடாது. மேலே இந்தத் தடுப்புகள் இல்லாமல் கீழே கிணறு மட்டும் போட்டால் இரண்டு மழைக்குத் தாங்காது. ஒரு தடுப்புக்குப் பின்னால் முழங்கால் அளவு மடு நின்றது. அதில் விரல்நீளக் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாய்த் திரும்பித் திரும்பி ஓடின. மேலே காட்டாமணக்குக் கிளையில் ஒரு மீன்கொத்தி. வறண்ட ஆற்றுக்கு மீன் எங்கிருந்து வரும் என்று கேட்டால், மேலே வற்றாத மடு ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும், அங்கிருந்து வெள்ளத்தோடு வரும் என்கிறார்கள்.

இந்தக் கிணறுகளால்தான் ஆறு திரும்பியது என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. 2021 நவம்பரில் பாலாறே கரைபுரண்டது. அப்படியொரு மழை பெய்த வருஷத்தில் எந்த ஆறும் மீண்டதுபோலத்தான் தெரியும். மழை குறைந்த வருஷத்துச் சித்திரையில் கரையோரக் கிணறுகளில் கயிறு எத்தனை முழம் இறங்குகிறது என்பதுதான் அளவுகோல். போர்வெல்லுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லாமல் உறைகிணறு மட்டும் இறக்கிக்கொண்டே போவது எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. இங்கே ஆற்றை மீட்கிற இதே அமைப்பு 2016இல் டில்லியில் யமுனையின் வெள்ளச் சமவெளியில் நடத்திய விழாவால் ஏற்பட்ட சேதத்துக்கு அதுதான் பொறுப்பு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 டிசம்பரில் சொன்னதும், அதை அமைப்பு மறுத்ததும் ஞாபகம் வராமல் போகாது. ஆனால் அந்தக் கணக்கை வடம் பிடிக்கிற பெண்கள் தலையில் எழுத முடியாது. கருங்கல் பூமியில் நிலத்தடி மட்டத்தைக் கவனித்து, கூலிக்கான பணத்தைக் கிணறாக மாற்றலாம் என்று கண்டது நல்ல யோசனை. குழி வெட்டுவதும் உறை வார்ப்பதும் ஆள்பலம் கேட்கும் வேலை. அதனால்தான் அந்த 60–40 கணக்கு இடிக்காமல் உட்கார்ந்தது.

மதியம் கஞ்சித் தூக்கைத் திறந்தபோது பேச்சு தூர் பக்கம் திரும்பியது. எந்த உறைகிணறும் தன்னால் வாழ்ந்துகொண்டிருக்காது. முதல் மழையின் செந்நீர் மேல்மூடியின் ஓட்டை வழியாக வண்டலைக் கொண்டுவந்து கூழாங்கல் இடுக்கில் அடைக்கும். ஆண்டுக்கொரு முறை மூடியைத் தூக்கி, மேலடுக்குக் கல்லை வாரி வெளியே போட்டு, மண்ணைச் சலித்துவிட்டுக் கல்லைத் திரும்பக் கொட்ட வேண்டும். நாலு பேருக்கு ஒரு நாள் வேலை.

"புதுசா வெட்றதுக்கு எஸ்டிமேட் போடுவாங்க சார். கழுவறதுக்கு யாரு போடுவா?" என்றார் குழியோரத்து அம்மா. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். திறப்பு விழா உள்ள வேலைக்குத்தான் பணம் வரும் என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மே 1 கிராம சபையில் கேட்கப்போகிறார்களாம். கேட்க வேண்டியது இரண்டு: வருஷா வருஷம் தூர் வாருவதற்கென்று தனி வேலை, கல் சலிக்க ஓர் இரும்புச் சல்லடை. சல்லடையைப் போன கிராம சபையிலேயே கேட்டுவிட்டார்கள். எழுதிக்கொண்டார்களாம்.