ஐவரில் நால்வர் அந்நியர்

அமெரிக்காவில் பல வருஷங்கள் வாழ்ந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். இந்நாட்டார் முகம் மலர்ந்து பேசுகிறவர்கள், வழியில் கண்ட அந்நியனிடமும் குசலம் விசாரிக்கிறவர்கள். ஆயினும் சம்பளம் எவ்வளவு, எந்தக் கட்சிக்கு வோட்டு, எந்தத் தெய்வத்துக்கு வழிபாடு என்ற மூன்றையும் அண்டை வீட்டாரிடம் கேட்பது பண்பாகாது என்று சிறு வயதிலேயே கற்றுக்கொண்டவர்கள். நம் ஊரில் ரயிலில் எதிரே வந்து உட்காருகிறவர் விழுப்புரம் வருவதற்குள் கேட்டு முடித்துவிடும் இக்கேள்விகளை விலக்கிவிட்டால், மனிதர்கள் மனம் விட்டு வாதாட வேறு என்னதான் மிஞ்சும் என்று வந்த புதிதில் நான் ஆச்சரியப்பட்டதுண்டு. மிஞ்சுவது பந்தாட்டமும் பாட்டுமே. அதிலும், அமெரிக்க ராக் கோஷ்டிகளுள் தலைசிறந்தது எது என்ற வழக்கு ஒன்று இருக்கிறதே, அதற்குச் சாட்சிகள் உண்டு, வாய்தா உண்டு, மேல்முறையீடு உண்டு. தீர்ப்பு மட்டும் கிடையாது.

நான் குடியிருக்கும் கிளீவ்லாந்து நகரத்தில் இவ்வழக்குக்கு ஸ்தல மகிமையும் சேர்ந்துகொள்கிறது. 'ராக் அண்டு ரோல்' என்ற பெயரை வானொலி வாயிலாகப் பரப்பிய ஆலன் ஃப்ரீட் இவ்வூர் நிலையத்தில் இருந்தவர். 1952 மார்ச் 21-ஆம் தேதி அவர் ஏற்பாடு செய்த நடனக் கச்சேரிக்கு அரங்கம் கொள்ளாத ஜனங்கள் திரண்டு உள்ளே புகுந்துவிட்டதால், தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதிகாரிகள் அதை நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த உரிமையைச் சொல்லித்தான், ஈரி ஏரிக் கரையில் ஐ.எம். பெய் வகுத்துக் கொடுத்த கண்ணாடிப் பிரமிடுக்குள் ராக் சங்கீதத்தின் காட்சிசாலை 1995-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள சர்வகலாசாலையில், 1978-ல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை வசந்த காலந்தோறும் விமரிசையாக நடக்கிறது. பஞ்சரத்ன கோஷ்டியில் அமர்ந்து பாடிவிட்டு, அன்று மாலையே மின்சாரக் கிதார்களைப் போய்ப் பார்த்துவரக்கூடிய ஊர் பூலோகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

2025 ஜூன் மாதத்தில் இவ்வழக்கு எங்கள் தெருவில் புதிதாகக் கிளம்பியதற்குக் காரணம் இரண்டு மரணங்கள். அம்மாதம் 9-ஆம் தேதி ராக் கோஷ்டித் தலைவர் ஸ்லை ஸ்டோன் காலமானார். 11-ஆம் தேதி பீச் பாய்ஸ் கோஷ்டியின் பிரையன் வில்சன் காலமானார். இருவருக்கும் வயது 82. அதற்கடுத்து வந்த விடுமுறை நாளில், எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பக்கத்து வீட்டுக்காரர், கொல்லைப்புறத்தில் கரி அடுப்பை மூட்டி எங்களையும் அழைத்திருந்தார். மாமிசம் பொசுங்கும் தட்டிலிருந்து விலக்கி, ஓர் ஓரத்தில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் எனக்கென்று சோளக்கதிர் சுட்டுத் தரும் அளவுக்கு என் ஆசாரத்தை மதிக்கும் அந்தப் பெரியவர், ராக் கோஷ்டி விஷயத்தில் மட்டும் யாருடைய ஆசாரத்தையும் மதிப்பதில்லை.

அவருடைய கட்சி கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்ட கோஷ்டி அது. ஐந்து பாட்டுகள் தேசப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியும் ஒன்றுகூட முதலிடத்தை எட்டாமல் போன அந்தத் துரதிர்ஷ்டத்தை, தம் சொந்தச் சகோதரனுக்கு நேர்ந்த அநியாயம் போல அவர் எடுத்துரைப்பார். அவர் மனைவிக்கோ ஈகிள்ஸ். 1976-ல் வந்த அக்கோஷ்டியின் தொகுப்புத் தட்டு 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்குச் சமானமாக விற்றதென்று 2018-ல் இசைத்தட்டுச் சங்கமே சான்றளித்திருக்கும்போது மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது என்பது அந்த அம்மையாரின் வாதம். சியாட்டில் பக்கத்திலிருந்து வந்திருந்த அவர்கள் மாப்பிள்ளை நிர்வாணா என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு, ஆதாரம் கேட்டவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

விற்பனைக் கணக்கை நான் லட்சியம் செய்வதில்லை. அப்படிப் பார்த்தால் சங்கீதத்தைவிடப் பற்பசை உயர்ந்தது. என் அளவுகோல் வேறு. வழக்கு, கோஷ்டியைப் பற்றியது. ஆகவே, தனியொரு மேதையும் அவனுக்குப் பக்கவாத்தியமாகச் சிலரும் சேர்ந்த கூட்டத்தை நான் இக்கணக்கில் சேர்ப்பதில்லை. கிரீடென்ஸ் என்பது பெரும்பாலும் ஜான் ஃபோகர்ட்டி என்ற ஒருவரே: எழுதியவர், பாடியவர், கிதாரில் முன்னின்றவர், ஒலிப்பதிவை நடத்தியவர் எல்லாம் அவர்தான். பீச் பாய்ஸின் மகுடமாகிய 'பெட் சவுண்ட்ஸ்' 1966-ல் உருவாகத் தொடங்கியபோது, மற்றச் சகோதரர்களும் தோழர்களும் ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருக்க, கூலிக்கு வாசிக்கும் வித்வான்களை வைத்துக்கொண்டு பிரையன் வில்சன் அதற்கு அஸ்திவாரம் போட்டார். மேதாவிலாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அதைக் கோஷ்டியின் கணக்கில் வரவு வைப்பதில்தான் ஆட்சேபம்.

உண்மையில், இந்நாட்டில் பிறந்த இச்சங்கீதத்தின் மூலபுருஷர்கள் தனி மனிதர்களே. காட்சிசாலை திறக்கப்படும் முன்பே, அதன் கௌரவப் பட்டியலுக்கு 1986-ல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கலைஞர்கள் சக் பெர்ரி, எல்விஸ், ரே சார்லஸ், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்கள். எவர்லி சகோதரர் இருவரைத் தவிர அத்தனை பேரும் தனி ஆட்கள். சக் பெர்ரி கிதார்ப் பெட்டி ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்ப் பையன்களை மேடையில் சேர்த்துக்கொண்டு கச்சேரி செய்துவிட்டுக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனவர். நான்கைந்து வாலிபர்கள் சேர்ந்து ஒரே உடலாக இயங்கவேண்டும் என்ற ஆசை இந்நாட்டுப் பையன்களை வீட்டுக்கு வீடு பற்றிக்கொண்டது, 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் வந்து தொலைக்காட்சியில் தோன்றிய பிறகுதான்.

நான் பெயர் சொல்ல வேண்டிய முறை வந்தபோது, 'தி பேண்ட்' என்றேன். "அது கனடாக் கோஷ்டி ஆயிற்றே! ஐந்து பேரில் நாலு பேர் அந்நியர்கள்" என்று மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். நூறு கேள்விகள் கொண்ட பட்டியலை உருப்போட்டு, அதிகாரி கேட்கும் பத்தில் ஆறுக்கேனும் சரியான விடை சொல்லி, வலக்கையை உயர்த்திப் பிரமாணம் செய்து இந்நாட்டின் பிரஜையான என்னிடம் இவ்வாதத்தைச் சொன்னால் அது எப்படி எடுபடும்? அவருக்கு அந்தச் சரித்திரத்தைச் சொல்லவேண்டியதாயிற்று.

ரானி ஹாக்கின்ஸ் என்ற ஆர்க்கன்சாப் பாடகர் 1950-களின் இறுதியில் பிழைப்புத் தேடி டொராண்டோ பக்கம் போனார். கூடவே அதே மாகாணத்துப் பருத்திக்காட்டு விவசாயி மகனான லீவன் ஹெல்மைத் தாளவாத்தியத்துக்கு அழைத்துப் போனார். கோஷ்டியிலிருந்த தெற்கத்திக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்ப, அவர்கள் இடத்தில் ஒன்டாரியோப் பையன்கள் நால்வர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ராபி ராபர்ட்சன் பதினாறு வயதில் தம் கிதாரை விற்றுப் பிரயாணச் செலவுக்குப் பணம் சேர்த்து, ஆர்க்கன்சா போய்ச் சேர்ந்தவர். அவருடைய தாயார் ஆறு தேசத்தார் என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் வளர்ந்தவர். கனடா, அமெரிக்கா என்று இரண்டு நாடுகளைப் பிரிக்கும் கோட்டை எவரும் வரைவதற்கு முன்பே இம்மண்ணில் இருந்த ஜனங்களின் வழி வந்தவர். பிரஜா உரிமையை விசாரிக்கத் தொடங்கினால் யார் யாரை விசாரிப்பது? மாப்பிள்ளை இதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவுமில்லை.

1967-ல் நியூயார்க் மாகாணத்தில், உட்ஸ்டாக் அருகே, ரோஜா வர்ணம் பூசிய ஒரு வாடகை வீட்டின் நிலவறையில் பாப் டிலனோடு உட்கார்ந்து பழம்பாட்டுகளை வாசித்து வாசித்து இவர்கள் பதப்பட்டார்கள். ஊரெல்லாம் கிதார்களை அலறவிட்டுக்கொண்டிருந்த 1968-ல், தாத்தா பாட்டிகளோடு எடுத்த புகைப்படத்தை உறையினுள் பதித்து, அடக்கமான குரலில் முதல் தட்டை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டின் இரண்டாம் தட்டில் 'ரேக் மாமா ரேக்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதை யார் யார் எதை வாசிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்கவேண்டும். தாளவாத்தியக்காரராகிய ஹெல்ம் அங்கே பாடிக்கொண்டே மாண்டலின் வாசிக்கிறார். பியானோக்காரராகிய ரிச்சர்ட் மானுவல் தாளவாத்தியத்தில் போய் உட்கார்ந்து சற்றுத் தள்ளாடினாற்போல் ஒரு நடை கொடுக்கிறார். ரிக் டாங்கோ மந்தர கிதாரைக் கீழே வைத்துவிட்டுப் பிடிலை எடுத்துக்கொள்ள, விட்டுப்போன மந்தர ஸ்வரத்தை ஒலிப்பதிவை நடத்திய ஜான் சைமன் டூபா என்னும் பெருங்குழலில் ஊதுகிறார். ஆர்கன் மேதை கார்த் ஹட்சன் பியானோவில் துள்ளிக் குதிக்கிறார். அவரவர் ஆசனத்தை விட்டு எழுந்து இன்னொருவர் ஆசனத்தில் அமர்ந்தும் பாட்டின் கட்டுக் குலையவில்லை. கோஷ்டி என்று நான் சொல்வது இதைத்தான்.

பெரியவருக்கு என் பேச்சு ரசிக்கவில்லை. "வாரும், ஒன்று கேளும்" என்று எங்களைத் தம் நிலவறைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுதும் மர அலமாரி. அகர வரிசை தவறாமல் இசைத்தட்டுகள். ஆல்மன் சகோதரர் கோஷ்டி நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 1971 மார்ச்சில் வாசித்ததைப் பதிவு செய்த இரட்டைத் தட்டை உறையிலிருந்து விளிம்பைப் பிடித்து எடுத்து, கடைசிப் பக்கத்தைச் சுழலவிட்டார். அப்பக்கம் முழுதும் ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிஷம்: 'விப்பிங் போஸ்ட்'. மந்தர கிதார் தனியே எடுத்த எடுப்பில், பக்கத்தில் நின்றிருந்த என் மகளின் வலக்கை தொடையில் தாளம் போட ஆரம்பித்ததைப் பார்த்தேன். இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூரிலேயே வயலின் கற்றுக்கொண்டவள் அவள். இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பதினொண்ணு. மூணு, மூணு, மூணு, ரெண்டு. திஸ்ர ஜாதி துருவ தாளத்தை எடுப்பு மாத்தி வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பெரியவர் ஊசியைத் தூக்கி மறுபடியும் தொடக்கத்தில் வைத்தார். ஐம்பது வருஷங்களாகக் கேட்டுவரும் பாட்டை அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதில் ஆச்சரியமுமில்லை, அப்பாட்டை இயற்றிய கிரெக் ஆல்மனே அது பதினொன்று என்று அறியாமல்தான் இயற்றினார், தமையன் டுவேன் சொன்ன பிறகே தெரிந்துகொண்டார். மகள் தட்டும் வீச்சும் விரல் எண்ணிக்கையும் காட்டிக்கொடுக்க, எஃகு உருக்கிய அந்தத் தடித்த விரல்கள் சுண்டுவிரலில் தொடங்கி மோதிரவிரலுக்குப் போவதற்குள் தவறி, மீண்டும் தொடங்கி, நாலாம் ஆவர்த்தத்தில் பிடித்துக்கொண்டன. இரண்டு கிதார்களும் இரண்டு தாளவாத்தியங்களும் ஒன்றன் மனோதர்மத்தை மற்றொன்று வாங்கி வளர்க்கும் அந்தத் தட்டைக் கேட்டபின், கச்சேரி கேட்டு வளர்ந்த எவனும் இக்கோஷ்டியை அலட்சியம் செய்ய முடியாது. அத்தட்டு வெளியான ஆண்டின் அக்டோபரிலேயே டுவேன் ஆல்மன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார்; வயது 24.

மாடிப்படி ஏறும்போது பெரியவர் ஒரு கணையையும் விட்டார்: "உம்முடைய ஐவரும் கடைசியில் பணத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டவர்கள்தாமே?" உண்மைதான். பாட்டுகளை எல்லோரும் சேர்ந்து உருவாக்கியிருக்க, ஆசிரியர் பெயரும் அதன் வருமானமும் பெரும்பாலும் ராபர்ட்சனுக்கே போயின என்று ஹெல்ம் 1993-ல் தம் சுயசரிதையில் மனம் கசந்து எழுதினார். ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட்ட கூட்டுக் குடும்பத்தில்தான் பாகப்பிரிவினை வழக்கும் கடுமையாக நடக்கும். தனிக்குடித்தனக்காரர்களுக்குப் பிரித்துக்கொள்ள என்ன இருக்கிறது? 2025 ஜனவரியில் ஹட்சனும் மறைந்ததோடு அவ்வழக்குக்கு வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

இவற்றையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் மறுவாரம் ஆபீஸில் வந்தது. இந்நகரத்தின் கிழக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்த கறுப்பின நண்பர் ஒருவர், மதிய உணவு மேஜையில் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். 'தி பேண்ட்' பாடிய பாட்டுகளில் மிகவும் போற்றப்படுவது, உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கத்தி ஏழை ஒருவன் தன் நஷ்டத்தைச் சொல்லி அழும் பாட்டு. கனடாக்காரராகிய ராபர்ட்சன் எழுதி, ஆர்க்கன்சாக்காரராகிய ஹெல்ம் பாடியது. "கேட்டால் கண்ணீர் வருகிறது என்கிறீர். சரி. என் முப்பாட்டனார் அந்தப் பாட்டில் எங்கே நிற்கிறார்?" என்று நண்பர் கேட்டார். அவர் எங்கும் நிற்கவில்லை. தோற்ற தரப்பு எதைக் காக்கப் போரிட்டதோ அதைப் பற்றி அப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. சபைகளில் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்கள் யார், மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் யார் என்று அறிந்த தேசத்திலிருந்து வந்த எனக்கு, இக்கேள்வியின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவருடைய கட்சி ஸ்லையும் அவர் குடும்பக் கோஷ்டியும். கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் வாத்தியங்களோடு சரிசமமாக மேடையேறிய அத்தகைய கோஷ்டி 1967-ல் அபூர்வம். எக்காளம் ஊதிய சிந்தியா ராபின்சன் ஒரு பெண், தாளவாத்தியக்காரர் ஒரு வெள்ளையர். மந்தர கிதார் வாசித்த லாரி கிரஹாம், முன்பு தம் தாயாரோடு சிறு விடுதிகளில் வாசித்தபோது, தாளவாத்தியக்காரர் இல்லாத குறையைத் தீர்க்கக் கட்டை விரலால் தந்தியை அடித்தும் மற்ற விரலால் சுண்டியும் பழகியவர். அந்த வழக்கம் இன்று உலகமெங்கும் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஒரே பாட்டில் நாலு பேர் மாறி மாறி அடியெடுத்துக் கொடுக்கும் அக்கோஷ்டியின் வழக்கம் என் அளவுகோலுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதை நண்பர் சுட்டிக்காட்டாமல் விடவில்லை.

ஆயினும் என் வரிசையில் முதலிடம் இன்னும் அந்த ஐவருக்கே. ஒரு பாட்டின் குறைக்காக மற்ற பாட்டுகளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அடுத்தது ஸ்லையின் கோஷ்டி, மூன்றாவது ஆல்மன் சகோதரர். கிரீடென்ஸை நாலாவதாக வைக்க, சோளக்கதிரை உத்தேசித்துச் சம்மதிக்கிறேன். ஈகிள்ஸுக்கு அந்த அம்மையார் எத்தனை முறை கேட்டாலும் இடமில்லை. நண்பர் இந்த வரிசையைக் கேட்டுவிட்டு, முதலிரண்டு இடங்களை மாற்றாதவரை இதை ஒப்புக்கொள்ள முடியாது என்று சொல்லி, 'ஸ்டாண்ட்!' என்ற 1969-ஆம் வருஷத்துத் தட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முழுதும் கேட்டுவிட்டு வந்து பேசவேண்டுமாம்.