ஐம்பது வயலின்கள்

இசைக் கலைஞர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன மேடையும் கைதட்டலுமே. ஆயின், மேடைப்புகழை நாடாமல் இசைக்குப் பெருந்தொண்டு புரிந்தோரும் உளர். பள்ளிச் சிறுவர் கையில் கருவியைக் கொடுத்து, அதனை இனிது ஒலிக்கச் செய்யக் கற்பிக்கும் ஆசிரியர்களே அவர்கள். அத்தகைய ஒருவரின் வாழ்வை எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழ்கின்றது. அவர் அமெரிக்க நாட்டு வயலின் ஆசிரியை ராபர்ட்டா குவாஸ்பாரி.

வயலின் நமக்குப் புதியதன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த அக்கருவியைப் பாலுசாமி தீட்சிதர் முதலியோர் நம் இசைக்கு உரியதாக்கினர். நம் கச்சேரியில் வயலின் பெரும்பாலும் பாடுவோர் குரலைப் பின்தொடர்ந்து செல்லும். மேலைநாட்டு இசைக்குழுவிலோ பல வயலின்கள் ஒன்றுகூடி ஒலிக்கும். ஒரு பகுதியை வாசிப்போரின் விற்கள் எல்லாம் ஒருசேர மேலும் கீழும் இயங்கும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் அழகு கெடும். ஆதலால், அங்கே வாசிக்கக் கற்பதோடு பிறர் வாசிப்பதைக் கேட்கவும் கற்றல் வேண்டும்.

குவாஸ்பாரியின் கணவர் கடற்படையில் பணிபுரிந்தவர். அவருடன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த காலத்தில், பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நோக்குடன் அவர் ஐம்பது வயலின்களை வாங்கி வைத்தார். பின்னர்க் கணவர் பிரிந்து சென்றார். இரண்டு மைந்தரை வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அந்நிலையிலும் அவர் வயலின்களை விற்றுவிட எண்ணவில்லை. அவற்றையே முதலாகக் கொண்டு, நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லம் பகுதிப் பள்ளிகளில் 1980ஆம் ஆண்டளவில் பணியைத் தொடங்கினார்.

கிழக்கு ஹார்லம் ஏழை மக்கள் மிகுந்த பகுதி. விலையுயர்ந்த கருவியும் தனி ஆசிரியரும் அங்குள்ள பிள்ளைகளுக்கு எட்டாத பொருள்கள். அவர்களுக்கு வயலின் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருப்பர். அவர் வாதிட்டுக்கொண்டிராமல் கற்பித்தார். நிற்கும் முறை, வில்லைப் பிடிக்கும் முறை ஆகியவற்றில் சிறு பிழையையும் அவர் பொறுப்பதில்லை. கற்க விரும்பியோர் தொகை பெருகவே, சீட்டுக் குலுக்கி மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. பிறவியிலேயே திறமை பெற்றவர் யாவர் என்று ஆராயாமல், வந்தவர் எவரையும் வாசிக்கச் செய்யலாம் என்று அவர் நம்பியதை இது காட்டுகின்றது அன்றோ?

1991ஆம் ஆண்டில் ஓர் இடையூறு நேர்ந்தது. பணமுடை காரணமாக அவரது இசை வகுப்புக்குரிய பொருளுதவி நிறுத்தப்பட்டது. பஞ்சகாலத்திலும் விதைநெல்லைக் காப்பவனே உழவன். கலைக்கல்வியோ, கைப்பொருள் குறைந்ததும் முதலில் வெட்டப்படும் பயிராக இருக்கின்றது. ஆயினும், பெற்றோரும் நண்பர்களும் ஒன்றுதிரண்டு பொருள் சேர்த்தனர். 1993ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் புகழ்பெற்ற கார்னகி மண்டபத்தில் அவருடைய மாணவர்கள் வாசித்தனர். ஐசக் ஸ்டெர்ன், இட்சாக் பெர்ல்மன் முதலிய வயலின் மேதைகள் அவர்களோடு உடன்நின்று வாசித்தனர். 1960ஆம் ஆண்டில் அம்மண்டபம் இடிக்கப்படாமல் காக்க முன்னின்று உழைத்தவர் அதே ஐசக் ஸ்டெர்ன். மண்டபத்தைக் காத்தவர், மழலையர் வகுப்பைக் காக்கவும் அங்கே வந்து நின்றார்.

அவ்வகுப்பு பின்னர் 'ஓபஸ் 118' என்னும் இசைப்பள்ளியாக வளர்ந்தது. அவர் வரலாறு 1999ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. மெரில் ஸ்ட்ரீப் அவராக நடித்தார்.

மாணவர்களே! வயலின் கற்ற பிள்ளைகள் அனைவரும் கலைஞராவதில்லை. பலர் வேறு தொழில்களுக்குச் சென்றுவிடுவர். எனினும், நாள்தோறும் பயிலும் பொறுமையும், அருகிலிருப்பவர் ஒலிக்குச் செவிகொடுக்கும் பண்பும் அவர்களை விட்டு நீங்குவதில்லை. தம் குரல் மட்டுமே ஓங்க வேண்டும் என்று பலர் கருதும் இவ்வுலகில், சேர்ந்து ஒலிக்கக் கற்றவர் தேவை மிகுதி. ஓர் ஆசிரியை ஐம்பது வயலின்களைக் கொண்டு விதைத்தது அப்பண்பையே என்று நான் கருதுகின்றேன்.