புள்ளி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் மக்களே



நம் பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஓர் இணையதளம் தொடங்கப் போவது உங்களில் பலருக்குத் தெரியும். போன வாரம் மாதிரிப் பக்கத்தை எனக்கு அனுப்பினார்கள். செய்த தம்பியின் மடிக்கணினியில் அழகாக இருக்கிறது. என் கைப்பேசியில் தலைப்புகளின் மேல்பாகம் வெட்டுப்பட்டு, மெய்யெழுத்துகளின் புள்ளியைக் காணோம். "கல்வி" என்ற சொல்லில் புள்ளி போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இணையப் பக்கத்தில் விஷயம் வேறு, அதற்கு உடுத்தும் அலங்காரம் வேறு. எழுத்தின் அளவு, நிறம், வரி இடைவெளி எல்லாம் "ஸ்டைல்ஷீட்" என்ற தனிக் குறிப்பில் இருக்கும். இதை 1994-இல் முன்மொழிந்தவர் நார்வேக்காரரான ஹோகன் வியூம் லீ. 1996 டிசம்பரில் அது பொது விதியானது. ஆனால் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி என ஒவ்வொரு உலாவியும் அதைத் தன் போக்கில் படித்துக் காட்டுகிறது. ஒரே விடைத்தாளை மூன்று பேர் திருத்துவது போலத்தான்.

போதாததற்கு, எழுத்துருவும் கருவிக்குக் கருவி மாறும். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். ஒவ்வொன்றுக்கும் உயரம் வேறு. தலைப்புக் கட்டத்துக்கு இவ்வளவுதான் உயரம், மிஞ்சியதை மறை என்று எழுதிவிட்டால், ஓரிடத்தில் பொருந்துவது இன்னோரிடத்தில் வெட்டுப்படும்.

தமிழுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. 2008-க்கு முன் பத்தியின் இரு ஓரமும் நேராக நிற்க "ஜஸ்டிஃபை" கொடுத்தால், பயர்பாக்ஸில் கொம்பு தனி, கால் தனி என்று எழுத்து உடைந்துவிடும். அதே பக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் சரியாக இருக்கும். அந்த ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது தீர்ந்தது.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. பனையோலையில் எழுதியவர்கள், புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதை விட்டுவிட்டார்கள் என்பார்கள். படித்தவர்கள் இடம் பார்த்து ஊகித்தார்கள். இன்று நமக்கு அந்த நெருக்கடி இல்லையே.

இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். தமிழ் வரும் கட்டத்துக்கு உயரத்தை இறுக்காதீர்கள். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே செயற்கையாக இடைவெளி கூட்டாதீர்கள். புரியாத விதியை உலாவி தாண்டிப் போய்விடும். ஆகவே எல்லாவற்றுக்கும் தெரிந்த பழைய விதியை முதலில் எழுதி, புதியதை அதற்குக் கீழே எழுதுங்கள். முடித்ததும் உங்கள் கணினியில் மட்டும் பார்க்காமல், வீட்டில் அம்மாவின் பழைய கைப்பேசியிலும் திறந்து பாருங்கள்.

மறைந்த நம் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலும் அந்தத் தளத்தில் வருகிறது. அவர்கள் வீட்டார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரைத் தேடுவார்கள். "முத்தையா" என்ற பெயர் "முததையா" என்று தெரியலாமா?

கரும்பலகையில் எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்று பார்க்கச் சொல்லி, ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். உங்கள் தொழிலுக்கும் அது பொருந்தும். மாதிரிப் பக்கத்தை எல்லாரும் அவரவர் கைப்பேசியில் திறந்து, எழுத்து வெட்டுப்பட்டிருந்தால் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புங்கள். திறப்பு விழாவுக்கு முன் சரிசெய்துவிடலாம்.