சேம அச்சு



கடந்த பள்ளி விடுமுறையில் பெற்றோர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "டீச்சர், உங்கள் தம்பி குடும்பம் வேனிலேயே குடியிருந்து, ஊர் ஊராகப் போய்க் கைவினைப் பொருள் விற்கிறதாமே? நாங்களும் அப்படிக் கிளம்பலாம் என்றிருக்கிறோம். பிள்ளையின் படிப்பை என்ன செய்வது?" பள்ளி வாசலில் நின்றவாறே விடை கூற என்னால் இயலவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். அவருக்குக் கூற வேண்டியவற்றுள் நான் செய்த தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் எழுதுவதற்கு இத்தனை நாளாயிற்று.

செடெனாக், ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு இடையே அமைந்த சிற்றூர். அண்மைய ஆண்டுகளில் இங்குத் தரவு மையங்கள் எழும்பி வருகின்றன. ஆயினும் எங்கள் குடும்பத்தின் வேர் தோட்டத்தில்தான் உள்ளது. என் தம்பி தோட்டப் பட்டறையில் வண்டி பழுதுபார்ப்பவனாக இருந்தான். அவன் மனைவி கைத்திறன் மிக்கவள். பட்டு நூல் வளையல், சிமிக்கி, வாசல் தோரணம் ஆகியவற்றைத் தானே செய்வாள். கோலா சிலாங்கூரில் தமிழ்க் குயவர்கள் செய்யும் அகல் விளக்குகளை வாங்கி வந்து வண்ணம் தீட்டுவாள். முதலில் அண்டை அயலாருக்கும், பின்னர் பசார் மாலாமிலும் விற்றனர்.

2019ஆம் ஆண்டுத் தைப்பூசத்தின்போது முதன்முறையாகப் பத்துமலைக்குச் சரக்குடன் சென்றனர். செடெனாக்கிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மூன்றே நாளில் கைச்சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்தது. திரும்பி வந்த தம்பி ஒரு நாட்காட்டியை என் முன்னே விரித்தான். தையில் பத்துமலை, மாசியில் மாசி மகத்திற்கு மலாக்கா செங்கில் உள்ள சன்னாசிமலை, பங்குனியில் பகாங் மாரான் முருகன் கோவில், சித்திரையில் தெலுக் இந்தான், ஆடியில் அம்மன் கோவில்கள், தீபாவளிக்கு முன்னர் ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவான் கடைவரிசை. ஒவ்வொரு மாதத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தான்.

"வீட்டை வித்துடலாம்னு இருக்கேன் அக்கா. அந்தப் பணத்துல நல்ல வேன் ஒன்னு வாங்கி, உள்ளேயே படுக்கை போட்டுக்குவோம். வாடகை இல்லை, வரியும் இல்லை. வருசம் முழுக்கத் திருவிழாதான்."

அவன் மகளுக்கு அப்பொழுது நான்கு வயது. என் மடியில் அமர்ந்து அந்தச் சிவப்பு வட்டங்களை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொன்னால் கேட்கும் இயல்பினன் அல்லன் என் தம்பி. ஆகவே அவனுக்கு உமணரைப் பற்றிக் கூறினேன். சங்க காலத்தில் உப்பு விற்ற உமணர்கள் குடும்பத்தோடு வண்டியில் சென்றவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவ்வண்டியைக் கண்ணெதிரே காணலாம். அதில் கோழிக்கூடு இருக்கிறது. சிறிய உரல் தொங்குகிறது. காடி வைத்த கலம் இருக்கிறது. கைக்குழந்தையுடைய பெண்ணே எருதுகளை ஓட்டுகிறாள். வேனில் குடியிருந்து வியாபாரம் செய்வதை இன்று புதுமை என்கிறோம். நம் முன்னோர்க்கு அது பழகிய வாழ்க்கை.

ஆனால் அதே உமணர்களைப் பற்றிப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஒளவையார் மற்றொரு செய்தியும் தருகிறார். எருதுகள் நுகத்திற்குப் புதியவை; வண்டியிலோ பாரம் மிகுதி. வழியில் பள்ளம் வருமா, மேடு வருமா, யார் அறிவார்? இவ்வாறு எண்ணிய உமணர்கள், வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்வதற்காக இன்னோர் அச்சை வண்டியின் கீழே கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அதன் பெயர் சேம அச்சு. அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டே ஒளவையார் பாடுகிறார்.

"உன் எருதும் புதுசு, பாரமும் அதிகம். வீடுதான் உன் சேம அச்சு. அதை விற்காதே" என்றேன். அவன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. "ஒரு வருசம் போகட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு வருடம்தான் குடும்பத்தைக் காத்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சந்தை இல்லை, திருவிழா இல்லை, மாநில எல்லையைக் கடக்கவும் இயலாது. வீட்டை விற்றிருந்தால் அவர்கள் எங்கே வேனை நிறுத்தியிருப்பார்கள் என்று எண்ணும்போது இன்றும் என் நெஞ்சம் பதறுகிறது. தம்பி பட்டறை வேலையைத் தொடர்ந்தான். அவன் மனைவி வீட்டில் அமர்ந்து வளையல் செய்து அஞ்சல்வழி அனுப்பினாள்.

2022இல் நாடு மீண்டும் திறந்த பிறகே பழைய வேன் ஒன்றை வாங்கினர். அதன் பிறகு அவர்கள் சென்ற முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அவர்களும் அவ்வாறே சென்றனர். முதலில் மாதத்திற்கு ஓர் இரவு மட்டும், அதுவும் வீட்டு வாசலிலேயே வேனில் உறங்கிப் பார்த்தனர். பின்னர் வார இறுதிகள். அதன்பின் பள்ளி விடுமுறைகள்.

அந்த முதல் இரவுகளில் அவர்கள் கற்றவை பல. நம் நாட்டின் வெப்பத்தில் மூடிய வேனுக்குள் உறங்க இயலாது. திறந்து வைத்தாலோ கொசு. சன்னல்களுக்கு வலை தைத்தனர். வாகனத்தின் உள்ளமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே எதையும் நிலையாகப் பொருத்தாமல், சரக்குப் பெட்டிகளின் மேல் மடிப்புப் பலகை விரித்துப் படுக்கை அமைத்தனர். ஓடும்போது மூவரும் முன்னிருக்கையில் இருக்கைவார் அணிந்தே அமர்வர். பிள்ளையைப் பின்னால் பெட்டிகளிடையே படுக்க வைப்பதில்லை என்பதில் தம்பி உறுதியாக இருந்தான்.

மின்கலக் கணக்கை என் வகுப்பிற்கே கொண்டு சென்றேன். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1,200 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஈய மின்கலம் நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியை மட்டுமே பயன்படுத்தலாம். எஞ்சியது 600. கடையில் 10 வாட் விளக்குகள் ஐந்து, ஐந்து மணி நேரம் எரிந்தால் 250. இரவில் 30 வாட் காற்றாடி எட்டு மணி நேரம் சுழன்றால் 240. கூட்டினால் 490. "குளிர்சாதனம் போடலாமா?" என்று கேட்டேன். போட இயலாது என்று மாணவர்களே கணக்கிட்டுக் கூறினர். பெருக்கல் அன்று நன்கு விளங்கிற்று.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

ஜொகூரில் 2014ஆம் ஆண்டு தொடங்கி 2024ஆம் ஆண்டு இறுதிவரை வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். மலாக்காவிலும் சிலாங்கூரிலும் ஞாயிறுதான் வியாபாரம் சிறக்கும் நாள். 2023இல் தம்பி மகள் இரண்டாம் ஆண்டில் பயின்றாள். அவளுடைய வகுப்பாசிரியை நானே. முதலில் ஒரு ஞாயிறு வரவில்லை. பின்னர் மாதத்திற்கு ஒன்று. பின்னர் இரண்டு. ஒவ்வொரு முறையும் "காய்ச்சல்" என்று எழுதிய கடிதம் வந்தது. காய்ச்சல் இல்லை என்பதை நான் அறிவேன். முதல் நாள் இரவுதான் கடையிலிருந்து என்னிடம் தொலைபேசியில் பேசியிருப்பாள். அறிந்தும் கடிதத்தை ஏற்றுக் கோப்பில் வைத்தேன். வேறு பிள்ளையாக இருந்திருந்தால் வீடு தேடிச் சென்றிருப்பேன்.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து தொடக்கக்கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமலும் தொடர்ந்து படிக்க வைக்காமலும் விடும் பெற்றோர்க்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பிற பெற்றோர்க்கு இதனை எத்தனையோ முறை எடுத்துக் கூறிய நான், என் தம்பியிடம் கூறவில்லை. குடும்பம் முன்னேறுகிறதே என்ற பரிவு என் வாயை அடைத்தது.

ஆண்டிறுதியில் அதன் விளைவைக் கண்டேன். பணக்கணக்கில் அவளை விஞ்ச ஆளில்லை. மூன்று வளையல் பத்து ரிங்கிட் என்றால், ஐம்பது ரிங்கிட் தாளுக்கு மீதியை நொடியில் கூறுவாள். ஆனால் மலாய்மொழி வாசிப்பில் வகுப்பின் கடைசி வரிசைக்குச் சென்றிருந்தாள். கால அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மலாய்மொழிப் பாடவேளைகள் மிகுதி. அவள் மந்தமானவள் அல்லள். கற்பித்த நாளில் அவள் வகுப்பில் இல்லை, அவ்வளவே. அந்த வெற்றிடத்தைக் காய்ச்சல் என்று எழுதி மூடியவர்களுள் நானும் ஒருத்தி.

அன்று மாலையே தம்பி வீட்டுக்குச் சென்று நடந்ததைக் கூறினேன். அவன் சினந்தான். "நீயே இப்படிச் சொன்னா எப்படி அக்கா?" என்றான். "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன். இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை. பிறகு அவனே வந்தான். பள்ளி நாளில் பிள்ளை சந்தைக்கு வருவதில்லை என்று முடிவாயிற்று. தவறிய வாசிப்பை மாலை வேளைகளில் நான் அமர்ந்து படிப்பிப்பது என்றும் முடிவாயிற்று. 2024 முழுவதும் அவ்வாறே செய்தோம். அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, தொலைதூரச் சந்தைகள் பலவற்றை அவர்களே விலக்கிக்கொண்டனர்.

2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆயிற்று. நாட்காட்டி எங்கள் பக்கம் திரும்பியது. அப்பொழுதுதான் தம்பி பட்டறை வேலையை விட்டான். வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் வங்கித் தவணையைச் செலுத்துகிறான். அவனும் மனைவியும் முழுநேரமாக வேனில். மகள் பள்ளி நாள்களில் என் வீட்டில். வெள்ளி மாலை வந்து அழைத்துச் செல்வார்கள். ஞாயிறு இரவு கொண்டுவந்து விடுவார்கள். எல்லாம் சீராயிற்று என்றே எண்ணினேன்.

ஓர் இரவு வீட்டுப்பாடம் முடிந்ததும் அவளுக்கு உமணர் கதையைக் கூறினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அத்தை, அப்போ உங்க வீடுதான் எங்க சேம அச்சா?" என்றாள். ஆமாம் என்றேன், சற்றுப் பெருமிதத்தோடு.

"ஆனா சேம அச்சை வண்டிக்குக் கீழேயே கட்டியிருப்பாங்கன்னு சொன்னீங்களே. அது வண்டிகூடவே போகும்ல? நான் மட்டும் ஏன் இங்க இருக்கேன்?"

எனக்கு விடை தெரியவில்லை. இப்பாடலை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இந்தக் கோணத்தில் ஒருநாளும் எண்ணியதில்லை. அவளை அணைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் கேட்டதை அப்படியே தம்பிக்குச் சொன்னேன். தொலைபேசியின் மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

அதன் பிறகு பள்ளித் தவணை நாள்களில் அவர்கள் ஜொகூரையும் மலாக்காவையும் தாண்டுவதில்லை. வாரத்தின் நடுவே, புதன் இரவு, என் வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். அன்றிரவு மகள் அதில்தான் உறங்குவாள். வியாழன் காலை, சீருடை அணிந்து வேனிலிருந்து இறங்கிப் பள்ளிக்கு நடப்பாள். பத்துமலைக்கும் மாரானுக்கும் விடுமுறை இசைந்தால் மட்டுமே மூவரும் போகின்றனர். வருமானம் குறைந்துள்ளது. தம்பி அதனை மறைப்பதில்லை.

இவ்வாழ்க்கையை நான் பழிக்கவில்லை; புகழ்ந்து பாடவும் இல்லை. தமிழகத்தில் நரிக்குறவர் சமூகத்தினர் பாசிமணி விற்றுக்கொண்டு திருவிழாதோறும் சென்றவர்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. வழியிலேயே வளர்ந்த அவர்தம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளி எட்டாத இடமாகவே இருந்தது. அமெரிக்காவில் வீடிழந்து வேன்களில் வாழும் முதியோரைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017இல் 'நோமாட்லேண்ட்' என்னும் நூலை எழுதினார். அதன் திரைவடிவம் 2021இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருது பெற்றது. சிலர் விரும்பிப் பயணம் செல்கின்றனர். சிலரை வறுமை தள்ளிச் செல்கிறது. விரும்பிச் செல்பவர்க்குத் திரும்பி வர ஓரிடம் இருக்கிறது. வேறுபாடு அதுதான்.

ஆகவே, வினா எழுப்பிய பெற்றோரே, நான் கூறுவது இதுதான். முதலில் உங்கள் வாசலிலேயே ஓர் இரவு வேனில் உறங்கிப் பாருங்கள். சந்தை இல்லாத மாதங்களையும் மழைக்காலத்தையும் கணக்கில் சேர்த்து, ஓராண்டு வரவுசெலவை எழுதுங்கள். வீட்டை உடனே விற்காதீர்கள். திருவிழா நாட்காட்டியோடு பள்ளி நாட்காட்டியையும் அருகே வைத்துப் பாருங்கள்; இரண்டும் மோதுமிடத்தில் பள்ளிக்கே இடங்கொடுங்கள். பிள்ளையை உறவினரிடம் விட்டுச் செல்ல நேர்ந்தால், அப்பிள்ளை எப்படி இருக்கிறது என்று அதனிடமே கேளுங்கள். நாங்கள் அதனைக் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள்.

ஆசிரிய நண்பர்களே, வருகைப் பதிவேட்டில் ஒரே கிழமையில் மீண்டும் மீண்டும் வெற்றிடம் விழுந்தால், கடிதத்தைக் கோப்பில் வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். நம் உறவினர் பிள்ளையாக இருந்தால் இன்னும் விரைந்து கேளுங்கள்.

இன்று புதன்கிழமை. வாசலில் வேன் வந்துவிட்டது. உணவு எடுத்து வைக்க வேண்டும். மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
செடெனாக்கிலிருந்து ஓர் ஆசிரியை