சீனத்திலும் ‘நீ’ என்றால் நீதான்

பிளஸ் டூ முடித்த தம்பி ஒருவன் போன வாரம் என்னைத் தேடி வந்தான். எங்கள் திருமானூர்ப் பக்கத்துப் பையன். “அண்ணே, நீங்க சிங்கப்பூர்ல சைனீஸ் கத்துக்கிட்டீங்களாமே. நானும் வேலைக்குப் போயிக்கிட்டே கத்துக்கலாம்னு இருக்கேன். போகலாமா?” என்று கேட்டான். போ என்றும் சொல்ல முடியவில்லை, போகாதே என்றும் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் பலர் இருப்பீர்கள்.

நான் பிளஸ் டூ முடித்தது 2009இல். கொள்ளிடக்கரைக் காலனிப் பையன்களுக்கு அப்போது தெரிந்த வழி மூன்றுதான்: அரியலூர் சிமெண்ட் லாரியில் கிளீனர், திருப்பூர் பனியன் கம்பெனி, வெளிநாடு. அப்பா கரும்பு வெட்டப் போவார். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். ஊர்த்தெருவிலிருந்து என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன் வந்து, “நாளைக்கு ஆள் கூட்டிக்கிட்டு நீ வந்துரு” என்பான். அப்பா அவனிடம், “சரிங்க தம்பி” என்பார். ‘டேய்’ போய் ‘நீ’ வந்திருந்தது. அதையே முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ‘நீ’ காதில் விழாத இடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் என் வெளிநாட்டு ஆசையில் பாதி.

பதினெட்டு முடிந்ததும் டெஸ்ட் அடித்து, அம்மாவின் தோட்டை விற்று, மீதிக்கு வட்டிக்கு வாங்கி, ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டு 2010இல் சிங்கப்பூர் போனேன். கட்டட வேலை. என் ஃபோர்மேன் சீனாவிலிருந்து வந்தவர், ஆங்கிலம் தெரியாது. அவரிடம் நான் கற்ற முதல் சொல் ‘ஷியாவ் ஷின்’. கவனம் என்று பொருள். அதை எழுதும் இரண்டு எழுத்தையும் தனித்தனியாகப் படித்தால் சின்ன, இதயம் என்று வரும். தலைக்கு மேலே கிரேன் இரும்பைத் தூக்கும்போது அந்தச் சொல் புரியாவிட்டால் உயிர் மிஞ்சாது. அப்படித்தான் ஆரம்பித்தது என் சீனப் படிப்பு.

ஒருநாள் மதியம் அவர், “நீ ச்சி ஃபான் ல மா?” என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். நாமும் அதைத்தானே முதலில் கேட்போம். ஆனால் என்னை நிறுத்தியது அந்த முதல் சொல். சீனத்தில் ‘நீ’ என்றால் நீதான்! ‘ச்சி ல’, சாப்பிட்டேன் என்றேன். பதிலுக்கு “நீ ன?” என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. என் அப்பா வயது அவருக்கு, போதாததற்கு மேலாள். மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவர் “ச்சி ல, ச்சி ல” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான். மரியாதைக்கு ‘நின்’ என்று ஒரு சொல் சீனத்திலும் உண்டு. ஆனால் எங்கள் சைட்டில் அவருக்கு நான் ‘நீ’, எனக்கு அவர் ‘நீ’.

இன்னொரு நாள் “நீ ஷிங் ஷென்மெ?” என்றார். உன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம்மிடம் பெயருக்குப் பின்னால் என்ன என்று கேட்டால் அது எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். பிறகுதான் புரிந்தது: லீ, வாங், ஜாங் என்ற சில குடும்பப் பெயர்களே அங்கே கோடிக்கணக்கானவர்களுக்கு. லீ என்றால் மந்திரியாகவும் இருக்கலாம், கொத்தனாராகவும் இருக்கலாம்.

உண்மையில் நான் பயந்த கேள்வி தமிழில்தான் வந்தது. டார்மிட்டரியில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர். “தம்பிக்கு எந்த ஊரு?” “திருமானூர்.” “திருமானூர்ல எந்தத் தெரு?” மறுநாள் சமையல் செட்டிலிருந்து என் பெயர் போயிருந்தது. “நீ தனியா பாத்துக்கப்பா” என்றார்கள். கடல் தாண்டி வந்தும் எங்களோடு ஒரே லாரியில் ஏறி வந்திருந்தது சாதி. அந்தக் காலத்தில் கங்காணி கூட்டிப்போன நம் முன்னோருக்கும் மலேயாவிலும் இலங்கையிலும் தோட்டத்து லயன்களில் இதுவே நடந்தது.

அதற்காகச் சீனர்களைச் சமத்துவத்தின் பிள்ளைகள் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் நிறத்தைக் கேலி செய்தவர்கள் அவர்களிலும் இருந்தார்கள். அவர்கள் நாட்டில் ‘ஹுகோவ்’ என்ற குடும்பப் பதிவு முறை இருக்கிறது. கிராமப் பதிவில் பிறந்தவர் நகரத்துக்கே உழைத்தாலும் நகரத்தாருக்குக் கிடைக்கும் பள்ளியும் மருத்துவமும் அவருக்கு அப்படியே கிடைப்பதில்லை. என் ஃபோர்மேன் அப்படிப்பட்டவர்தான். ஒரு மொழி நமக்கு விடுதலை வாங்கித் தராது. ஆனால் நம்மைத் தாழ்த்தப் பழக்கப்படாத ஒரு மொழியில் சில வருடம் வாழ்ந்தால், தாழ்வு நம் பிறவியில் இல்லை, அவன் பேச்சில் இருக்கிறது என்பது உடம்புக்கே புரிந்துவிடும்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். வெளிநாட்டில் இருந்த வருடங்களில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைவே அற்றுப்போனதாக ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் எழுதுகிறார். 1917இல் திரும்பியதும் பரோடாவில் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து பதினோராம் நாள் துரத்தப்பட்டார். வெளிநாடு போவதைப் பற்றி யோசிப்பவர்கள் அந்தச் சிறு நூலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஏழு வருடத்தில் நான் எட்டியது எச்.எஸ்.கே. தேர்வில் மூன்றாம் நிலை. அப்போதிருந்த ஆறு நிலைகளில் அதற்கு 600 சொற்கள். பகலெல்லாம் கம்பி கட்டி, இரவில் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுத்துப் பழகி வந்தது அது. நம் பக்கத்து ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று 1732இல் சதுரகராதியே எழுதினார். அவருக்குப் படிப்பதற்கென்று நேரம் இருந்தது. பெர்மிட்டில் போகிறவனுக்கு இருக்காது. தம்பி, இதை நீ கணக்கில் வைக்க வேண்டும்.

அதனால் என் பதில் இது. முதலில் இங்கே ஒரு டிகிரி முடி. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் முதுகலைக்கும் ஆய்வுக்கும்தான். பிளஸ் டூவோடு போனால் உனக்கு உதவித்தொகை கிடையாது, வட்டிக்கடன்தான். சீனத்தை இன்றைக்கே தொடங்கு. தைவானின் டீன் ஷூஸ் கம்பெனிக்கு 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்தில் அடிக்கல் நாட்டினார்கள். 15,000 பேருக்கு வேலை என்கிறது அரசு. பெரம்பலூர் எறையூரிலும் காலணித் தொழிற்பூங்கா இருக்கிறது. தைவானில் எழுதுவது பழைய வடிவ எழுத்து, ஆனால் பேசுவது அதே மாண்டரின். நாளைக்கு நம் பெண்கள் அங்கே லைனில் உட்காருவார்கள். அவர்களின் குறையை மேலே மொழிபெயர்த்துச் சொல்லப்போகிறவர் யார்? பாதியை விழுங்காமல் சொல்ல நம்மில் ஒருவர் அங்கே வேண்டும்.

2017இல் ஊர் திரும்பினேன். என் பழைய வகுப்புத் தோழன் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, “வாங்க, எப்ப வந்தீங்க?” என்றான். பக்கத்தில் நின்ற அப்பாவிடம், “என்னா, நீ வேலைக்கு வர்றதையே விட்டுட்ட?” என்றான். “என்னை வாங்கன்னு சொல்ற வாயாலதான் அவரையும் கூப்பிடணும். இல்லன்னா என்னையும் நீன்னே கூப்பிடு, நானும் உன்னை அப்படியே கூப்பிடுறேன்” என்றேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். அவனுக்கு முகம் சுருங்கியது. இப்போது அப்பாவைப் பார்த்தால் பேசாமல் போகிறான்.

‘வாங்க’ இன்னும் வரவில்லை. ஆனால் அந்த ‘நீ’ நின்றுவிட்டது.

ஜெய்பீம்!