வாடகை இல்லை, வாட்ச்மேன் இல்லை... ராக்கி மலைக் காட்டில் அம்மாவோடு ஓர் இரவு!

“காட்டுல போய்ப் படுக்கவாடி இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோம்?”

டென்வரில், அக்கா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அம்மா கேட்ட கேள்வி இது. பதில் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. மாமா மட்டும் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “ஃப்ரீ அத்தை... ஒரு டாலர்கூட கட்ட வேண்டாம்” என்றார்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் போடிநாயக்கனூர். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீப்பிடித்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ‘காடு’, ‘ராத்திரி’ என்ற இரண்டு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாது.

இன்னொன்றும் இருந்தது. அப்பா போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ‘கொஞ்ச நாள் இங்கே வந்து இரும்மா’ என்று அக்கா அழைத்துக்கொண்டாள். வந்ததிலிருந்து அம்மா வீட்டை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. போன செப்டம்பரில் இரண்டு வார லீவில் நான் போய் இறங்கியதும், அக்கா என்னிடம் சொன்ன முதல் விஷயமே, “அம்மாவை எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும்” என்பதுதான்.

செப்டம்பர் கடைசியில் கொலராடோ மலைகளில் ஆஸ்பென் மரங்கள் பொன் மஞ்சளாக மாறும். அதைப் பார்க்க ஊரே கிளம்பும். ஹோட்டல் வாடகை எகிறும். அதனால்தான் டென்ட் யோசனை.

காட்டில் ஃப்ரீயாகத் தங்கவிடுவார்களா?

எனக்கும் முதலில் இதுதான் சந்தேகம். அமெரிக்காவில் ‘நேஷனல் பார்க்’ வேறு, ‘நேஷனல் ஃபாரஸ்ட்’ வேறு. பார்க் என்றால் நுழைவுக் கட்டணம், தங்க அனுமதிச் சீட்டு, ஒதுக்கிய இடத்தில் மட்டும் டென்ட். நேஷனல் ஃபாரஸ்ட் அப்படியல்ல. 1905-ல் தொடங்கப்பட்ட வனச் சேவைத் துறையின் கையில் இருப்பது 154 நேஷனல் ஃபாரஸ்ட்கள். மொத்தம் சுமார் 19.3 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு! இந்தத் துறை அங்கே வேளாண்மைத் துறையின் கீழ் வருகிறது என்பது கூடுதல் தகவல்.

இந்தக் காடுகளில் பெரும்பாலானவற்றில், தடை என்று சொல்லாத இடங்களில், பணம் கட்டாமல் டென்ட் போட்டுத் தங்கலாம். இதற்கு ‘டிஸ்பெர்ஸ்டு கேம்பிங்’ என்று பெயர். அதாவது ஒரே இடத்தில் கூடாமல், காட்டில் ஆங்காங்கே சிதறித் தங்குவது. பொதுவாக 14 நாள்கள் வரை அனுமதி. இந்தக் கணக்கு காட்டுக்குக் காடு கொஞ்சம் மாறும்.

ஆனால், ஃப்ரீ என்றால் எதுவுமே இல்லாத ஃப்ரீ! தண்ணீர்க் குழாய் இல்லை. டாய்லெட் இல்லை. குப்பைத் தொட்டி இல்லை. லைட் இல்லை. போன் சிக்னலும் பெரும்பாலும் இல்லை.

வீட்டிலேயே செய்ய வேண்டிய ஹோம்வொர்க்

மாமா இரண்டு நாள் லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தது சும்மா இல்லை. ஒவ்வொரு காட்டுக்கும் ‘மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்’ என்றொரு வரைபடத்தை வனத்துறை இலவசமாகத் தருகிறது. பார்க்க ரொம்பச் சுமாராக, கறுப்பு வெள்ளையில், எண்களும் கோடுகளுமாக இருக்கும். எந்த மண்பாதையில், எந்த மாதங்களில், எந்த வண்டி போகலாம் என்பது அதில் இருக்கும். சில பாதைகளின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் குறி இருக்கும். அங்கே டென்ட் போடுவதற்காகப் பாதையை விட்டுக் கொஞ்ச தூரம் வண்டியை உள்ளே இறக்கலாம் என்று அர்த்தம். ‘அவென்சா’ என்ற ஆப்பில் இந்த மேப்பை டவுன்லோடு செய்துகொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ் காட்டும்.

அடுத்து சாட்டிலைட் படம். பாதையிலிருந்து பிரியும் சின்னத் தடம், மரங்களுக்கு நடுவே மொட்டையாக ஒரு மண் திட்டு... அப்படித் தெரிந்தால் அங்கே ஏற்கெனவே யாரோ டென்ட் போட்டிருக்கிறார்கள். புதுப் புல்லை மிதிப்பதைவிட, பழைய இடத்தையே பயன்படுத்துவதுதான் காட்டுக்கு நல்லது.

மூன்றாவது வேலை, வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன். தீ மூட்டத் தடை இருக்கிறதா, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதெல்லாம் மேப்பில் இருக்காது. நல்ல பெயர் வாங்கிய இடங்களுக்குக் கூட்டம் கூடிப்போனதால், கிரெஸ்டட் பட் போன்ற ஊர்களைச் சுற்றி இப்போது எண் போட்ட இடங்களில் மட்டும்தான் டென்ட் போட முடியும். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் கேட்டு, மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டோம். எப்போது திரும்புவோம் என்று மாமாவின் நண்பரிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை மதியம் கிளம்பினோம். நாங்கள் செய்த தப்பு அதுதான்.

காடும் ஹவுஸ்ஃபுல்!

டென்வரிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் கெனோஷா கணவாய். உயரம் 10,000 அடி. சுற்றிலும் பைக் நேஷனல் ஃபாரஸ்ட். மலைச்சரிவு முழுக்க மஞ்சள் தூளைக் கொட்டி வைத்ததுபோல இருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் கார்கள். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைக்குப் போனமாதிரி ஒரு கூட்டம்.

குறித்து வைத்த முதல் இடத்தில் மூன்று டென்ட்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பெரிய வேன், வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பாதையின் முடிவில் கேட் பூட்டிக் கிடந்தது. காலியாகத் தெரிந்த ஒரு புல்வெளியில் வண்டியை நிறுத்தினால், மரத்தில் ‘தனியார் நிலம்’ என்ற பலகை. நேஷனல் ஃபாரஸ்டுக்கு உள்ளேயே இப்படித் தனியார் நிலங்கள் துண்டு துண்டாக இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மணி ஆறு. வெயில் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் சட்டென்று இறங்கியது. பின் சீட்டில் அக்கா மகள், ஏழு வயது, பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். எனக்கு உயரத்தால் தலைவலி. டென்வர் வந்து நான்கு நாள்கள்தான் ஆகியிருந்தன. அக்காவும் மாமாவும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அதுவே பெரிய சண்டைதான்.

“திரும்பிடலாம்” என்றாள் அக்கா. எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்பார் என்றுதான் நினைத்தேன்.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, “வந்த பாதையில ஒரு மஞ்சள் மரத்துக்குப் பக்கத்துல இடது பக்கம் ஒரு தடம் போச்சு. யாரும் இல்ல. நீங்கதான் பார்க்கல” என்றார்.

அம்மா சொன்ன மஞ்சள் மரம், அங்கே இருந்த பல்லாயிரம் மஞ்சள் மரங்களில் ஒன்று! ஆனாலும் கண்டுபிடித்துவிட்டோம். மேப்பில் பார்த்தால் காட்டு நிலம்தான். பாதையின் ஓரத்தில் புள்ளிகள் இருந்தன. நடுவில் சமதளமாக மண் திட்டு, கல் அடுக்கிய பழைய நெருப்பு வட்டம். 9,500 அடி. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியின் உயரம் 8,842 அடிதான்.

அந்தப் பாதையின் எண்ணை இங்கே எழுதவில்லை. எழுதினால் அடுத்த சீசனில் அங்கேயும் இடம் இருக்காது. தேடும் முறையைத்தான் சொல்லிவிட்டேனே! வியாழன் அல்லது வெள்ளி மதியத்துக்குள் போய்விடுங்கள். குறைந்தது நான்கு இடங்களைக் குறித்து வையுங்கள். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தேடலை முடித்துவிடுங்கள்.

டென்ட் போடும் முன் மேலே பாருங்கள்

தரையை மட்டும் பார்த்து டென்ட் போடக் கூடாது. கொலராடோவில் 1990-களின் கடைசியிலிருந்து பட்டை வண்டுகளால் லட்சக்கணக்கான பைன் மரங்கள் செத்துப்போயின. பட்டமரம் நின்றபடியே காய்ந்திருக்கும், காற்றடித்தால் விழும். அதனால் தலைக்கு மேலே பட்டமரமோ, முறிந்து தொங்கும் கிளையோ இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். ஓடையிலிருந்து 200 அடி தள்ளிப் போவது நல்லது. அது சுமார் 70 எட்டு. அம்மா எண்ணிக்கொண்டே நடந்தார்.

டாய்லெட் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தண்ணீரிலிருந்தும் டென்ட்டிலிருந்தும் அதே 70 எட்டு தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, போன பிறகு மூட வேண்டும். பேப்பரைப் புதைக்காமல் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்து வர வேண்டும். “பேப்பர் எதுக்கு? சொம்பு கொண்டு வந்திருக்கேன்” என்றார் அம்மா. அன்று எங்களில் முழு தயாரிப்போடு வந்தவர் அவர் ஒருவர்தான்.

சாதம் வேகவில்லை!

கேஸ் அடுப்பில் சாதம் வைத்தாள் அக்கா. அரை மணி நேரம் கொதித்தும் அரிசி நறுக்கென்றே இருந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு அதற்கு மேல் ஏறாது. அம்மா தன் பையைத் திறந்து சின்ன குக்கரை வெளியே எடுத்தார். பூட்டிய குக்கருக்கு உயரம் ஒரு பொருட்டில்லை. மூன்று விசில், ரசம், அப்பளம்.

சாப்பிட்டதும் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். பாத்திரம், பற்பசை, சோப்பு எல்லாமே. கொலராடோ காடுகளில் கருங்கரடிகள் உண்டு. அவற்றுக்கு மோப்ப சக்தி அதிகம். குளிர்காலம் வருமுன் வயிற்றை நிரப்பிக்கொள்ள அவை அலையும் மாதம் அது. மனிதர்களின் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்ல வேண்டிய நிலை வந்துவிடுகிறது. நம் மிச்ச ரசம் ஒரு கரடியின் உயிர்.

நெருப்பு மூட்டவில்லை

குழந்தை மார்ஷ்மெல்லோ சுட வேண்டும் என்றாள். நாங்கள் நெருப்பு மூட்டவில்லை. இதே பைக் நேஷனல் ஃபாரஸ்டில்தான் 2002-ல் ஹேமன் தீ பிடித்தது. கல் அடுக்கிய ஒரு நெருப்பு வட்டத்திலிருந்து கிளம்பிய தீ, சுமார் 1,38,000 ஏக்கரை எரித்தது. 100-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. மூட்டியவர் விவரம் தெரியாத டூரிஸ்ட் அல்ல. வனத்துறையில் வேலை பார்த்தவர்.

தடை இல்லாத நாளில் மூட்டலாம். ஆனால், தூங்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைத் தொட்டுப் பார்த்தால் கை சுடக் கூடாது. போடிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. “வேண்டாம்” என்றார் அம்மா. அவ்வளவுதான்.

அமாவாசை வானம்

மறுநாள் மகாளய அமாவாசை. நிலா இல்லை. டென்ட்டை விட்டு வெளியே வந்தால், வானத்தில் பால்வீதி ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைவரை தெரிந்தது. “சின்ன வயசுல மொட்டை மாடியில இப்படிப் பார்த்தது” என்றார் அம்மா. பிறகு அப்பா கதைகள் வந்தன. கல்யாணமான புதிதில் ஏலத்தோட்டத்து வீட்டில் தங்கியது, கரன்ட் இல்லாத இரவுகள், அப்பா டார்ச்சை வைத்துக்கொண்டு பேய்க்கதை சொன்னது. ஒரு வருடத்தில், அழாமல் அம்மா அப்பாவைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

நடுராத்திரியில் காட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்க் மான் அது. செப்டம்பர் அவற்றின் இணை சேரும் காலம்; ஆண் மான் அப்படித்தான் கூப்பிடும். செப்டம்பரில் வேட்டை சீசனும் தொடங்கிவிடும் என்பதால், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு உடையைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

காலையில் தண்ணீர் பாட்டில் உறைந்திருந்தது. அம்மா குளித்த மாதிரி முகம் கழுவி, குக்கரில் சாதம் வைத்தார். ஒரு பிடி சாதத்தை எடுத்துக்கொண்டு பாறையை நோக்கிப் போனார். சாம்பல் நிறத்தில் ஒரு பறவை கிளையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கனடா ஜே. காக்கைக் குடும்பத்துப் பறவைதான்! கேம்ப் போடுபவர்களின் தட்டிலிருந்தே சாப்பாட்டைத் தூக்குவதால் ‘கேம்ப் திருடன்’ என்றும் பெயர்.

“அம்மாச்சி, நோ! காட்டுல எதுக்கும் சாப்பாடு வைக்கக் கூடாது. எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க.”

அம்மா நின்றுவிட்டார். “இன்னிக்கு உங்க தாத்தாவுக்கு வைக்கணும்டா...”

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவே யோசித்தார். பிறகு அந்தப் பிடி சாதத்தை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். மதியத்துக்கு முன் டென்வர் திரும்பி, அக்கா வீட்டு பால்கனிச் சுவரில் வைத்தார். வெள்ளையும் கறுப்புமாக ஒரு மேக்பை வந்து எடுத்துக்கொண்டு போனது. அதுவும் காக்கைக் குடும்பம்தான் என்று கூகுளில் காட்டிய பிறகுதான் அம்மா சாப்பிட உட்கார்ந்தார்.

நம் ஊரில் இப்படிப் போகலாமா?

கூடாது. நம் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்து தங்குவது குற்றம். யானையும் சிறுத்தையும் நடமாடும், சுற்றிலும் ஊர்கள் நெருங்கிய காடுகள் நம்முடையவை. மலையேற ஆசை என்றால், 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, வழிகாட்டியோடு போகலாம். கொலராடோ பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள், அடுத்த செப்டம்பருக்கு இப்போதே ஒரு குக்கரை எடுத்து வையுங்கள்.

அன்று சாயங்காலம் போடியில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அம்மா போன் போட்டார். “ஆமாக்கா, காட்டுலதான் படுத்தோம். பூட்டு இல்ல, கதவு இல்ல. ஒரு பைசா வாங்கல. இடம் கண்டுபிடிச்சதே நான்தான்!”